டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை: சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்பு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்து இசட் புள்ளிகள் கைக்குக் கிடைத்ததும், நமது கல்விப் பிரிவுக்கு வரும் பெற்றோரில் அநேகர் கேட்பது ஒரே கேள்விதான்: “மெடிசினுக்குப் புள்ளி காணாது. வேற என்ன இருக்கு?” சென்ற முறை வந்த ஒரு வாப்பாவின் கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் இருந்தது. அதில் ஓரிடத்தில் மகள் பென்சிலால் கோடிட்டிருந்தார்: ரஜரட்ட பல்கலைக்கழகம், சுகாதார மேம்பாடு. “இது நேர்ஸ் வேலையா சேர்? இல்லாட்டி பீ.எச்.ஐ. மாதிரியா? கலியாணம் பேச வாற இடத்துல என்னண்டு சொல்றது?”

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற இரண்டுக்கும் உண்டு.

நோயாளி வந்த பிறகு வைத்தியரின் வேலை தொடங்குகிறது. ஒரே தெருவிலிருந்து இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்று கேட்பது சுகாதார மேம்பாடு. நமது நிதியத்துக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே விளங்கும். இரத்தச் சுத்திகரிப்பு, இருதய சத்திரசிகிச்சை, சீனி வியாதியால் கால் விரல் அகற்றியவர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விண்ணப்பம் எழுதப்படுவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டில் செய்யக்கூடியதாக ஏதோ ஒன்று இருந்தது. அதைப் பற்றிய படிப்புத்தான் இது.

“அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, சீனி கூடாது, எண்ணெய் கூடாது” என்பீர்கள். உண்மைதான். தெரிந்தும் மாறாமல் இருப்பதுதான் இங்கே பாடம். 1986 இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு ஒரு சாசனத்தை வெளியிட்டது. மக்கள் தமது ஆரோக்கியத்தைத் தமது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வழிசெய்வதே சுகாதார மேம்பாடு என்று அது சொன்னது. தனி மனிதனுக்குப் புத்தி சொல்வது அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. சட்டம், சுற்றாடல், ஊர்மக்களின் கூட்டு முயற்சி, சுகாதார சேவையின் போக்கு எல்லாம் சேர வேண்டும். நமது நாட்டில் சிகரட் பெட்டியின் 80 சதவீத இடத்தைப் பிடித்திருக்கும் எச்சரிக்கைப் படமும், மென்பானப் போத்தல்களில் 2016 முதல் போடப்படும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியும் இந்த வழியில் வந்தவையே.

பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தின் கதையை இத்துறை மாணவர் எல்லோரும் படிப்பார்கள். அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊர்மக்களே அரசிடம் மனுக் கொடுக்க, 1972 இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அது பால் பண்ணைகள் நிறைந்த பகுதி. பாணுக்கு வெண்ணெய் தடித்த படையாகப் பூசாவிட்டால் விருந்தாளிக்கு மரியாதை இல்லை. பிரசங்கம் எடுபடவில்லை. திட்டக்காரர்கள் இல்லத்தரசிகளின் சங்கத்திடம் போனார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராக விருந்து வைத்து, கொழுப்பைக் குறைத்து மரக்கறியைக் கூட்டிச் சமைத்துப் பரிமாறிக் காட்டினார்கள். இறைச்சித் தயாரிப்பாளர்களிடமும் பேசப்பட்டது. பால் பண்ணைக்காரர்கள் சிலர் பழச் செய்கைக்கு மாற உதவி கிடைத்தது. சுமார் 35 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இருதய நோய் மரண வீதம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நமது வலீமா சஹனையும் வட்டிலாப்பத்தையும் நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், அது தூரத்து நாட்டுக் கதையாகத் தெரியாது.

இப்படி ஒரு வேலையைச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? உடலும் நோயும் பற்றிய அறிவியல், நோய் ஒரு சமூகத்தில் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் தொற்றுநோயியல், புள்ளிவிபரவியல், உளவியல், சமூகவியல், போசாக்கு, தொடர்பாடல். இவற்றோடு களப்பணி. மாணவர்கள் கிராமங்களுக்குப் போய் மக்களோடு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். “சீனியைக் குறையுங்கள்” என்று சொல்லாமல், மாதம் எத்தனை கிலோ வாங்குகிறீர்கள் என்று கேட்பது இந்தப் படிப்பின் பாணி. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 6 கிலோ என்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 கிராம். பிஸ்கட்டும் சோடாவும் இதில் சேரவில்லை. 25 கிராமுக்குள் வைத்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வீட்டுக்காரி தானே கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, தேநீர்க் கரண்டியின் அளவை அவரே தீர்மானிப்பார்.

இனி, பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய மறுபக்கம். இது வைத்தியப் பட்டம் அல்ல. மருந்து எழுத முடியாது, “கிளினிக்” போட முடியாது. பட்டத்தோடு சேர்ந்து வரும் நிரந்தர நியமனம் என்று ஒன்றும் இல்லை. சுகாதாரக் கல்வி, தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள், மேற்படிப்பு என்று வழிகள் உண்டு. ஆனால் தேடிப் போக வேண்டும். ஆங்கிலம் வேண்டும். களப்பணிக்குச் சிங்களமும் வேண்டும். மனிதர்களோடு பேசக் கூச்சப்படும் பிள்ளையை, புள்ளி காணவில்லை என்பதற்காக மட்டும் இதற்குள் தள்ளிவிடாதீர்கள்.

அரச பல்கலைக்கழகம் என்பதால் பட்டப்படிப்புக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மஹாபொல உண்டு. மிகிந்தலை தூரம் என்று தயங்குபவர்களுக்கு: அநுராதபுர மாவட்டத்தில் கெக்கிராவை, கஹட்டகஸ்திகிலிய, ஹொரவப்பொத்தானைப் பக்கங்களில் நம்மவர்கள் நிறையவே வாழ்கிறார்கள். விடுதி, உணவு, தொழுகை வசதி பற்றி அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் நேரே கேளுங்கள். மூன்றாம் ஆள் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

‘வெல்னஸ்’ என்ற பெயரில் சில மாதச் சான்றிதழ் வகுப்புகளுக்கு முகநூலில் விளம்பரம் வருகிறது. சிலவற்றில் பாடத்தை விட, விற்கக் கொடுக்கும் சத்துமாவு டப்பாக்கள்தான் அதிகம். தனியார் நிறுவனம் எதுவானாலும், காசு கட்டுமுன் அந்தப் பட்டத்துக்கு அரச அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பிக்கும்போது அந்தந்த ஆண்டுக் கைநூலையே பாருங்கள். உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் எடுத்திருக்க வேண்டும், எத்தனை பேர் எடுபடுவார்கள் என்பது அதில் இருக்கும். தெரிவுகளின் வரிசை முக்கியம். பிள்ளை உண்மையாக விரும்பும் துறையைக் கீழே போட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வருகிறார்கள். கைநூலைப் புரிந்துகொள்ளச் சிரமமாக இருந்தால், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கல்விப் பிரிவுக்கு வாருங்கள். அந்த வாப்பாவும் மறுவாரம் மகளோடு வந்தார். விண்ணப்பத்தில் மூன்றாவது தெரிவாக இருந்ததை மகள் முதலாவதாக மாற்றி எழுதினார். வாப்பா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.