குப்பையில் எழுந்த கொலு மண்டபம்

உடைந்த வளையலை வீட்டில் வைத்திருக்கலாகாது என்று பாட்டிமார் சொல்வது வழக்கம். விரிசல் கண்ட பீங்கான் தட்டு, காது போன கோப்பை, துருப்பிடித்த சைக்கிள் இவற்றுக்கும் அதே கதிதான். வாசலைத் தாண்டிய பிறகு அவை என்ன ஆயின என்று யாரும் விசாரிப்பதில்லை. வட இந்தியாவில் ஒருவர் மட்டும் விசாரித்தார். விசாரித்ததோடு நில்லாமல், ஒரு நகரம் வேண்டாமென்று தள்ளிய பொருள்களைக் கொண்டே அந்த நகரத்துக்கு ஒரு தோட்டத்தைச் சமைத்துக் கொடுத்தார். அந்தத் தோட்டம் சண்டிகரில் உள்ள 'ராக் கார்டன்'. சமைத்தவர் ஸ்ரீ நேக் சந்த்.

புது நகரமும் அகதியும்

1947-இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. தலைநகரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. 1951-இல் லெ கார்புஸியே என்னும் பெயர்பெற்ற கட்டிடக் கலைஞர் சண்டிகருக்குத் திட்டம் வகுத்தார். நேரான வீதிகள், இலக்கமிட்ட வட்டாரங்கள், கான்கிரீட் மாளிகைகள் என்று எல்லாம் அளவுகோல் பிடித்து வரையப்பட்டன.

அதே பிரிவினையால் சொந்த ஊரை இழந்து வந்தவர்தான் நேக் சந்த். 1924-இல், இப்போது பாகிஸ்தானில் சேர்ந்துள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். புது நகரத்தின் மராமத்து இலாகாவில் ரஸ்தா இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்தது. சிற்பக் கலாசாலைப் படிப்போ, வாஸ்து சாஸ்திரத்தில் பட்டமோ அவருக்குக் கிடையாது. ஆனால் கண் இருந்தது. புதிய நகரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிய கிராமங்களின் இடிந்த வீடுகளிலே கிடந்த ஓடும் மண்பாண்டமும் அவர் கண்ணில் பட்டன. பக்கத்துச் சிவாலிக் மலையடிவாரத்தில், மனிதரைப் போலவும் பறவையைப் போலவும் தோற்றமளிக்கும் கற்கள் கிடந்தன. அவற்றையெல்லாம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

பதினெட்டு வருஷ ரகசியம்

சுக்னா ஏரிக்கு அருகே ஒரு காட்டுப் பகுதி உண்டு. அங்கே யாரும் எதுவும் கட்டலாகாது என்பது ஸர்க்கார் விதி. ஸர்க்கார் உத்தியோகஸ்தரான நேக் சந்த் கட்டத் தொடங்கியது அங்கேதான்! பகலெல்லாம் ரஸ்தா வேலை; மாலைக்கு மேல் தோட்ட வேலை. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்தத் திருட்டுத் தொண்டு ஏறக்குறைய பதினெட்டு வருஷம் நடந்தது. விஷயம் வெளிப்பட்டால் தோட்டம் தரைமட்டமாகும், வேலையும் போகும் என்பதை அவர் அறிவார். அறிந்தும் நிறுத்தவில்லை.

1970-களின் நடுவில் ரகசியம் வெளிப்பட்டது. அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். சட்டப்படி இடித்துத் தள்ள வேண்டியதுதான். ஆனால் வந்து பார்த்த ஜனங்களுக்கோ திரும்பிப் போக மனமில்லை. கடைசியில் ஸர்க்கார் செய்த காரியத்தைப் பாராட்ட வேண்டும். 1976-இல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்தைத் தண்டிப்பதற்குப் பதிலாகச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்து, தோட்டத்தையே அவருடைய உத்தியோகமாக்கி விட்டார்கள். 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால்

தோட்டத்தின் வாசல்கள் பல தாழ்வானவை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்தால் வளைந்து வளைந்து போகும் பாதை. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே நகரத்தின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓட, உள்ளே ஒரு நேர்கோட்டைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். தார் டின்களால் ஒரு சுவர். மின்சாரக் கருவிகளின் பீங்கான் துண்டுகளால் மற்றொரு சுவர். அப்பால் நீர்வீழ்ச்சிகள், பெரிய வளைவுகளுக்கடியில் தொங்கும் ஊஞ்சல்கள்.

மேட்டு நிலத்தில் வரிசை வரிசையாக நிற்கும் உருவங்களைக் காணும் தமிழர்களுக்கு நவராத்திரிக் கொலுதான் ஞாபகத்துக்கு வரும். ராஜா, ராணி, நாட்டியமாடும் பெண்கள், தண்ணீர் சுமப்பவர்கள், குரங்குக் கூட்டம், மயில்கள் என்று ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பழைய சைக்கிளின் இரும்பு உள்ளே எலும்பாக நிற்கிறது. மேலே சிமெண்டு சதையாகிறது. அதன்மேல் உடைந்த வளையல் துண்டுகளைப் பதித்தால் பெண்ணுக்குப் புடவை ஆகிறது! பாட்டி வெளியே எறியச் சொன்ன அதே வளையல்தான்.

காவல் யார்?

ஆனால் ஆபத்து 1976-உடன் தீர்ந்து விடவில்லை. தோட்டத்துக்கு அருகிலேயே உயர்நீதிமன்றம் இருக்கிறது. 1980-களின் இறுதியில் தோட்டத்தின் வழியாகச் சாலை போட ஓர் ஏற்பாடு நடந்தபோது ஊர் ஜனங்களே கைகோத்து நின்று தடுத்தார்கள். 1996-இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த சமயம் பார்த்துச் சில சிலைகள் உடைக்கப்பட்டன. பின்னர் தோட்டத்தைப் பேணுவதற்கென்றே அன்பர்கள் ஒரு சங்கம் கண்டார்கள்.

2015-இல் தமது தொண்ணூறாவது வயதில் நேக் சந்த் காலமானார். பத்து வருஷம் கழித்து, 2025-இல், உயர்நீதிமன்றத்தின் வாகன நெருக்கடியைத் தீர்ப்பதற்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகரவாசிகள் ஆட்சேபித்தும் பயனில்லை.

சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வண்டியை எங்கேதான் நிறுத்துவார்கள்? ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். சாலையை வேறு வழியாகத் திருப்பிவிட ஆயிரம் இன்ஜினீயர்கள் கிடைப்பார்கள். இடித்த அந்தச் சுவரை எழுப்பிய கையோ இனிக் கிடைக்காது. ரகசியமாகக் கட்டிய தோட்டத்தை விதியை விலக்கிக் காப்பாற்றத் துணிந்த ஸர்க்காருக்கு, வெளிப்படையாக நிற்கும் அதே தோட்டத்தைக் காப்பாற்றுவது அவ்வளவு கஷ்டமா?

டில்லிப் பக்கம் யாத்திரை போகும் நேயர்கள் சண்டிகருக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்களாக. குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஊர் திரும்பியதும், உடைந்த கோப்பையைத் தெருவில் எறியப் போகும் உங்கள் கையை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்!