ஒதுங்கினாரா, ஒதுக்கப்பட்டாரா? ஒரு வினைச்சொல்லும் சட்டமும்

'எங்கள் மக்கள் ஊருக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்துவருகிறார்கள்.' சாதிக் கொடுமை குறித்த புகார் மனுக்களில் இத்தகைய தொடர் இயல்பாக இடம்பெற்றுவிடுகிறது. எழுதுபவருக்கு அதில் பிழை ஏதும் தெரிவதில்லை. ஆனால், வழக்கறிஞர்களாகிய நாங்கள் அந்த ஒரு சொல்லைத் திருத்தாமல் மனுவைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவதில்லை. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

'ஒதுங்கு' என்பது தன்வினை. 'ஒதுக்கு' என்பது பிறவினை. அடங்கு, அடக்கு என்பவற்றைப் போல, மெல்லின ஒற்று வல்லினமாகும்போது செயலின் பொறுப்பு வேறொருவரிடம் சென்றுவிடுகிறது. ஒதுங்கியவர் தாமே விலகி நின்றவர். ஒதுக்கப்பட்டவருக்கோ ஒதுக்கியவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

திருவரங்கத்தின் திருப்பாணாழ்வார் வரலாற்றில் இவ்விரு வினைகளும் அருகருகே நிற்பதைக் காணலாம். உறையூரில் வாழ்ந்த பாணர் திருவரங்கத்துக்குள் அடிவைக்கத் துணியாமல், காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார் என்கிறது வைணவ மரபு. அது பணிவாகப் போற்றப்படுகிறது. ஆனால் அதே மரபு, நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் அவரை விலகச் சொன்னதையும், பாட்டில் தோய்ந்திருந்த அவர் நகராதபோது கல்லெறிந்ததையும் மறைக்காமல் சொல்கிறது. விலகாதவர்மீது கல் விழும் என்றால், அதுவரை விலகி நின்றதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? அரங்கனின் ஆணையால் உலோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து சென்றார். பாணரும் முனிவாகனர் ஆனார். ஆயினும் சுமக்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே. சென்னை மாகாணக் கோயில்களின் கதவுகள் அனைத்துச் சாதியினருக்கும் உரிமையாகத் திறக்க 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

மதம் மாறினாலும் இவ்வினை மாறுவதில்லை. திருச்சி மேலப்புதூரில் உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிறருடையவற்றிலிருந்து பிரித்து எழுப்பப்பட்ட சுவர் பல போராட்டங்களுக்குக் காரணமானது. இறந்தவர்கள் தாமே ஒதுங்கிக்கொள்ள முடியாது. அங்கே ஒதுக்கியது யார் என்ற கேள்வியைத் தவிர்க்க வழியே இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதனை எவ்வடிவில் கடைப்பிடிப்பதையும் தடைசெய்கிறது; எந்த மதத்தையும் அது பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. அச்சொல்லுக்கு அரசமைப்பில் விளக்கமும் இல்லை. அது மேற்கோள் குறிகளுக்குள் இடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிய மைசூர் உயர் நீதிமன்றம், நேர்ப்பொருளில் அன்றி, வரலாற்றில் வளர்ந்த வழக்கம் என்ற பொருளிலேயே அதைக் கொள்ள வேண்டும் என்று 1958இல் கூறியது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் இடுகாட்டையோ சுடுகாட்டையோ பயன்படுத்தத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. வழக்கமான சேவையைத் தரவோ பெறவோ மறுப்பதும், இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய சமூக உறவைத் துண்டிப்பதும், ஒருவரைப் பிறரிடமிருந்து தனிமைப்படுத்துவதும் 'சமூகப் புறக்கணிப்பு' என்று அது வரையறுத்தது. புறக்கணிப்பதாக மிரட்டினாலும் குற்றமே. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கலாம். ஆனால் இச்சட்டத்தின்கீழ் குற்றவாளி பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். எனவே 'ஒதுக்கப்பட்டோம்' என்ற செயப்பாட்டுவினையும் போதாது. எழுவாய் இல்லாத வாக்கியத்திலிருந்து குற்றப்பத்திரிகை பிறக்காது.

இதே வேரிலிருந்துதான் 'ஒதுக்கீடு' என்ற சொல்லும் வருகிறது. ஒருவரை வெளியே தள்ளிவைப்பதும் ஒதுக்குதல். ஒருவருக்குரியதைப் பிறர் கவராதபடி எடுத்துவைப்பதும் ஒதுக்குதல். முன்னது நிகழ்ந்ததால்தான் பின்னது தேவைப்பட்டது. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்போர் சொல்லின் பிற்பாதியை மட்டுமே படிக்கிறார்கள்.

அந்தப் பங்கைக் கேட்பதற்கு என்ன விலை என்பதைத் திருச்சி மாவட்டம் திண்ணியம் 2002இல் காட்டியது. அரசு வீடு ஒதுக்கீட்டுக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு, ஊரறியப் பறையடித்துச் சொன்னதற்காகத் தலித்துகள் சூட்டுக்கோலால் சுடப்பட்டனர். ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். உண்ணத்தகாததை உண்ண வைப்பதை 1989ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே குற்றமாக்கியிருந்தது. சட்டம் இருந்தும் அது நடந்தது.

ஆகவே, களத்தில் உண்மையறியும் குழுக்களுடன் செல்லும் மாணவர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். 'ஒதுங்கி வாழ்கின்றனர்' என்று எழுதாதீர்கள். எந்த நாளில், எந்தக் கடையில், எந்தச் சுடுகாட்டுப் பாதையில், யார், யாருக்கு, எதை மறுத்தார் என்று எழுதுங்கள். பார்த்தவர் யார் என்பதையும் சேருங்கள். ஊர் முழுவதும் கூடி ஒதுக்கியிருந்தாலும், கூட்டத்தில் முடிவை அறிவித்தவருக்கு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை எழுவாயாக வைத்து வாக்கியத்தைத் தொடங்குங்கள்.