முதல் தமிழச்சும் நம் கடற்கரையும்

1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். நம் முத்துக்குளித்துறையிற் பல்லாண்டு பணியாற்றிய அண்டிறிக் அடிகளார் அதனைத் தமிழாக்கினார் என்பது அன்பர் பலரும் அறிந்ததே. பின்னின்று உழைத்தோரை அறிந்தார் சிலர்.

எழுத்தொன்றைப் பிறப்பித்தல் எளிதன்று. எஃகு முனையில் இடவலம் மாறச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்து குழிவாக்கி, அக்குழியில் ஈயத்தை உருக்கி வார்த்தல் அக்காலத்து முறை. 1577-இல் கோவாவில் வார்த்த எழுத்துக்களோடு அமையாது, மறுவாண்டு கொல்லத்தில் வேறும் வார்த்தனர். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் கொண்ட வழக்கம் அது. ஈயமும் கிழியுமோ? 'க'வோ 'க்'கோ என்று படிப்போரே தெளிதல் வேண்டும்!

பொருள் உதவியோர் நம் கரைப் பரதவர். மூச்சடக்கிக் கடலடியிற் சிப்பி வாரிய மரபினர் ஈட்டிய பணமே எழுத்தாயிற்று. நூன்முகப்பில் அடிகளார் பெயர் உண்டு. ஈந்தோர் பெயர் இல்லை.