ஐந்தெழுத்துச் சொற்களும் கண்டிப் பெருந்தோட்ட வரலாறும்

ஆங்கிலத்தில் 'சீ' என்னும் எழுத்தில் தொடங்கி ஐந்தெழுத்துக்களால் அமைந்த சொற்களைத் தொகுப்பது, சொற்புதிர் விளையாடுவோரின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆயினும் அத்தொகுதியிலே கண்டி, கிறவுண், சேனை, கூலி, கோஸ்ட், கிளார்க் ஆகிய ஆறு சொற்களும் ஒருங்கே இடம்பெறுகின்றன. கண்டிப் பிரதேசப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவ்வாறனையும் தவிர்த்தல் அரிது. அகரவரிசை தற்செயலாகச் சேர்த்து வைத்த இச்சொற்களின் இடையேயுள்ள சமூக உறவினை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தும் காலமும்

ககர ஒலியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'சீ', 'கே' ஆகிய இரண்டு எழுத்துக்கள் உள. போர்த்துக்கேய மொழி எழுத்து வழக்கிலே 'கே' அருகியே வழங்கியது. எனவே போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுட் புகுந்த கஞ்சி முதலிய சொற்கள் 'சீ' எழுத்தைப் பெற்றன. கறியும் 'சீ' எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொல்லாயிற்று. தோட்டத்துரைமாரின் வழக்கிற் பெருகிய 'கங்காணி' என்னும் சொல்லோ 'கே' எழுத்துடன் எழுதப்பட்டது. கண்டியின் பெயரும் இம்மாற்றத்துக்கு உட்பட்டதே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில் அந்நகரின் பெயரைச் 'சீ' எழுத்திலேயே எழுதினார். மலை எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்திருக்கலாம் என்றும் அவர் குறித்தார். சிங்கள மக்கள் மகநுவர என வழங்கும் நகருக்கு, மலையின் பெயரே பிறமொழிகளில் நிலைத்தது.

நிலம் கைமாறிய வகை

1815 ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையினால் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோப்பிச் செய்கை விரிவடைந்த காலத்தில் நிலத்தின் தேவை பெருகியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் செய்கை பண்ணப்படாத காணியும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, கிறவுணுக்கு, அதாவது முடிக்கு, உரியவை எனக் கொண்டது. கண்டி மாகாணங்களின் சேனைகளும் இதனுட் சிக்கின. சேனை என்பது காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பின்பு சில ஆண்டுகள் நிலத்தைச் சும்மா விட்டுவைக்கும் முறை. சிங்களத்தில் இது ஹேன எனப்படும். குடியானவனுக்கு அது மண் வளம் மீளும் காலம். சட்டத்துக்கோ உரியவரற்ற தரிசு. மன்னர் வழங்கிய சன்னஸ் போன்ற ஆவணம் காட்ட இயலாதவர்க்கு உரிமையை நிலைநாட்டுதல் கடினமாயிற்று. ஆங்கிலம் 'சேனை' என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. அச்சொல் குறித்த வழக்குரிமையை ஏற்க மறுத்தது.

ஊதியம் ஆளான வகை

இவ்வாறு பெறப்பட்ட நிலத்துக்கு உழைப்பாளர் தென்னிந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்டனர். தோட்டத்துரைமார் தென்னிந்தியாவைக் 'கோஸ்ட்', அதாவது கரை, என்றே அழைத்தனர். வழிச்செலவுக்கெனக் கங்காணி மூலம் கொடுக்கப்பட்ட முற்பணம் 'கோஸ்ட் அட்வான்ஸ்' எனப்பட்டது. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவன், வேலை தொடங்கு முன்னரே கடனாளியாயினான். கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லல் அரிதாயிருந்தது. இம்முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

வந்தவர்க்கு இடப்பட்ட பெயர் 'கூலி'. 1886 இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதி இதனை ஐந்தெழுத்துச் சொல்லாகத் தருகின்றது; ஆறெழுத்து வடிவமும் வழக்கிலுண்டு. குஜராத்தைச் சார்ந்த கோலி என்னும் சமூகப் பெயரிலிருந்து இது பிறந்தது என்பாரும், தமிழ்ச் சொல்லே மூலம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், கண்டித் தோட்டங்களில் இச்சொல்லைச் செவியுற்றவர்க்கு அது தமிழ்ச் சொல்லே. திருக்குறளிலும் உழைப்புக்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளிலேயே கூலி வருகின்றது. அது உழைப்பவன் கேட்டுப் பெறும் உரிமை. தோட்டத்து ஆங்கிலத்தில் அவ்வுரிமை மறைந்து, உழைப்பவனே கூலியானான். உழைப்புச் சக்தியை மட்டுமே கண்டு மனிதனைக் காணாத உற்பத்தி உறவு இப்பொருள் மாற்றத்திற் பதிந்துள்ளது.

எதிர்த்திசைப் பயணம்

எதிர்த்திசையிற் சென்ற சொல்லொன்றும் ஒப்புநோக்கத்தக்கது. 'கிளார்க்' தமிழில் 'கிளாக்கர்' ஆயிற்று. அதன் 'அர்' ஈறு மரியாதைப் பன்மை போன்றே ஒலிக்கின்றது. ஆங்கிலத்துக்குச் சென்ற தமிழ்ச் சொல் மனிதனைத் தாழ்த்தியது. தமிழுக்கு வந்த ஆங்கிலச் சொல்லோ மனிதனை உயர்த்தி ஒலித்தது. 'செக்றோல்' என்னும் வரவுப் பதிவேட்டைக் கையாண்டவர்க்கும் அதிற் பெயராய் நின்றவர்க்கும் இடையிலான படிநிலை, சொல்லின் ஈற்றிலேயே புலப்படுகின்றது.

தோட்டத் தொழிலாளர் தம் அண்மைக்காலப் போராட்டங்களிற் 'சம்பளம்' என்ற சொல்லையே முன்வைத்தனர். நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை, பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021 இல் வர்த்தமானியில் இடம்பெற்றது. உழைப்பின் பயனைக் கேட்டல் என்ற கூலியின் பழம்பொருளே வேறொரு சொல்லில் அங்கு மீண்டது. பிரட்டு, செக்றோல், துண்டு என மலையக வழக்கிலுள்ள ஏனைய சொற்களும் இந்நோக்கில் தொகுத்து ஆராயப்படுதல் வேண்டும். அகராதி அவற்றை எழுத்து வரிசையில் அடுக்கும். யார் யாரை எப்பெயரால் அழைத்தனர் என்னும் வரிசையில் அவற்றை அடுக்குதல் ஆய்வாளர் கடனாகும்.