குப்பையும் எருவும்

மாட்டுங்காவில் விருந்துண்டு எழுந்ததும் வாழையிலையை மடித்துத் தொட்டியில் எறிகிறோம். நம் ஊரில் அதே இலை மாட்டுக்கோ எருக்குழிக்கோ போய், அடுத்த பட்டத்தில் எருவாக வயலைச் சேர்ந்திருக்கும். சிற்றூர்களில் குப்பை என்றால் எரு என்றும் பொருள். மும்பைக்கு வந்தபின் அச்சொல்லுக்கு வீண்பொருள் என்ற ஒரே பொருள்தான் எஞ்சியது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என்னை இம்மாற்றம் அடிக்கடி சிந்திக்க வைத்ததுண்டு. இயற்கையில் வீண்பொருள் உண்டா? நைட்ரஜனின் பயணத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

உழவர்கள் தழைச்சத்து என்று கூறுவது இந்த நைட்ரஜனையே. காற்றில் 100-க்கு 78 பங்கு அதுவே. ஆயினும் மூச்சில் இழுத்ததை அப்படியே வெளியே விடுகிறோம். பயிரும் அதை நேரே ஏற்க இயலாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதே காரணம். அப்பிணைப்பை மின்னல் சிறிதளவு பிளக்கிறது. கொளுஞ்சி, துவரை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஓசையின்றி அதையே செய்கின்றன. நம் சாம்பாரிலுள்ள பருப்பின் புரதத்தில் இவ்வாறு காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் உண்டு.

மனிதனும் இவ்வித்தையைக் கற்றான். 1909-ல் ஜெர்மானிய அறிஞர் பிரிட்ஸ் ஹாபர், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். செம்பூரில் 1960-களில் எழுந்த உரத் தொழிற்சாலை 1978 முதல் ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் என வழங்குகிறது. அதன் யூரியாவும் இவ்வழியில் பிறப்பதே. செம்பூர்க் காற்று உரமாகி, நெல்லாகி, தாராவியில் ஒருவர் உண்ணும் சோறாகத் திரும்பி வரக்கூடும்.

உண்டதிலிருந்த நைட்ரஜன் பின்பு கழிவாக வெளியேறுகிறது. மண்ணில் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றிப் பயிருக்கு ஊட்டும். வேறு சில நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைக் காற்றுக்கே திருப்பி அனுப்பும். வட்டம் நிறைவுறும்.

நகரத்தில் இவ்வட்டம் அறுபடுகிறது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீராகப் புறப்படும் மித்தி ஆறு, குர்லா வழியே சாக்கடையும் ஆலைக்கழிவும் ஏற்று, தாராவியை ஒட்டி மாஹிம் உப்பங்கழியில் சேர்கிறது. அக்கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின், பிராணவாயு இன்றி, கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் வேறோர் இனம் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகிறது. மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே ரயிலில் மூக்கைப் பொத்துவோர், தாராவி நாற்றம் என்கின்றனர். நேயர்களே, அது தாராவியின் நாற்றமன்று. பல பேட்டைகளின் கழிவு ஒன்றுகூடி, மண்ணுக்குத் திரும்ப வழியின்றித் தேங்கியதன் நாற்றம். கரையில் வாழ்வோர் பிறர் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றனர், பழிச்சொல்லையும் கேட்கின்றனர்.

அறுந்த வட்டத்தை இணைக்க இயலும். அதே கழிக்கரையில் முன்பு நகரக் குப்பை கொட்டிய மேடு ஒன்று இருந்தது. 1983-ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார். 1994-ல் அம்மேடு மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று சுமார் 37 ஏக்கரில் மரங்கள் அடர்ந்துள்ளன. உதிரும் இலை அங்கேயே மக்கி, அம்மரங்களுக்கே உணவாகிறது.

கழிவுநீரைத் தூய்மை செய்து விடுவது நகரத்தின் கடமை. காய்த்தோலையும் காப்பிச் சக்கையையும் ஒரு மண்தொட்டியில் மக்கவிட்டு, சன்னலோரக் கறிவேப்பிலைச் செடிக்கு இடுவது நமக்கும் இயன்றது. அவ்வாறு செய்யும் வீட்டில், குப்பை என்ற சொல் தன் பழைய பொருளை மீண்டும் பெறும்.