ஆகாயக் கணக்கு – 6: டாலரில் வாங்கி ரிங்கிட்டில் கட்டுவது

வயதான விமானம் ஆபத்தானது என்று பலர் நினைக்கிறார்கள். பராமரிப்பு ஒழுங்காக நடந்தால் இருபத்தைந்து ஆண்டுகள்கூட அது பத்திரமாகப் பறக்கும். கையைக் கடிப்பது செலவுதான். எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உடலை முழுக்கப் பிரித்துச் சோதிக்கும்போது வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். வயது ஏற ஏற அந்தச் சோதனையில் அகப்படும் துருவும் விரிசலும் கூடும், பில்லும் கூடும்.

ராசா பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பால் வற்றிய மரங்களை எல்லாம் ஒரே ஆண்டில் சாய்த்தால் ஐந்தாறு வருடம் வருமானம் கிடையாது. சாய்க்காமல் விட்டால் வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாது. அதனால் தோட்ட நிர்வாகம் பகுதி பகுதியாக மறுநடவு செய்தது. மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) நிறுவனம் நெடுங்காலம் அப்படிச் செய்யவில்லை. மொத்தமாக வாங்கும், பிறகு மொத்தமாகத் திணறும்.

அப்போது மாஸின் தலைவராக இருந்த தாஜுடின் ரம்லியின் நிர்வாகத்தில், 1996 ஜனவரியில், ஒரே வீச்சில் 25 பெரிய போயிங் விமானங்களுக்கு ஆர்டர் போனது. அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. விமானத்தின் விலை, குத்தகை, உதிரிப் பாகம் எல்லாமே டாலரில். டிக்கெட் பணத்தில் கணிசமான பகுதி ரிங்கிட்டில். டாலருக்கு ஏறத்தாழ 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 செப்டம்பரில் 3.80இல் கட்டப்பட்டது. 10 கோடி டாலர் கடன் 25 கோடி ரிங்கிட்டிலிருந்து 38 கோடி ஆகிவிடுகிறது. அதற்காக ஒரு இருக்கைகூடக் கூடவில்லை. 2001இல் அரசாங்கம் மாஸில் தாஜுடினுக்கு இருந்த பங்குகளைப் பங்குக்கு 8 ரிங்கிட் கொடுத்து வாங்கியது. அன்றைய சந்தை விலை அதில் பாதிகூட இல்லை! 2002இல் விமானங்கள் பெனர்பாங்கான் மலேசியா பெர்ஹாட் என்ற அரசு நிறுவனத்தின் பெயருக்கு மாறின. கடைசியில் சுமந்தது பொதுப்பணம்.

2012இல் ஆறு ஏர்பஸ் ஏ380 வரத் தொடங்கியபோதும் மொத்தமாக வாங்கும் அதே ஆசைதான். அவ்வளவு பெரிய விமானத்தை நிரப்பும் தடம் மாஸுக்கு லண்டனை விட்டால் அரிது. கோவிட் காலத்தில் அவை தரையில் நின்றன; பின்னர் ஏர்பஸ்ஸிடமே திரும்பிப் போயின.

இப்போது வழி மாறியிருக்கிறது. 2022இல் அறிவித்த 20 ஏ330நியோவில் பாதி வாங்கியது, பாதி அவோலான் நிறுவனத்திடம் குத்தகை. 737 மேக்ஸ் 25, ஏர் லீஸ் நிறுவனத்தின் குத்தகை. முதலாவது 2023 நவம்பரில் வந்தது. 2025இல் மேலும் 30 மேக்ஸ், 20 நியோவுக்கு ஆர்டர் போனது. முந்தைய தலைமுறையைவிட நியோவுக்கு எரிபொருள் கால்பங்கு குறையும் என்கிறது ஏர்பஸ். வாங்கினால் விமானம் சொத்து, கடன் தலைமேல். குத்தகை எடுத்தால் முதலீடு குறைவு, வாடகை ஓயாது. இரண்டையும் கலந்தது சரியான முடிவு என்பேன்.

ஆனால் ஆர்டர் போட்டால் விமானம் வந்துவிடாது. 2024இல் எதிர்பார்த்த 17இல் வந்தவை நான்குதான். பழையவற்றைக் கூடுதலாக ஓட்டியதில் கோளாறுகள் பெருகின. ஆகஸ்ட்டில் சேவைகளைக் குறைக்க நேர்ந்தது. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் மாஸின் இயக்கச் சான்றிதழை மூன்று ஆண்டிலிருந்து ஓர் ஆண்டாகச் சுருக்கியது. அந்த ஆண்டின் முதல் எட்டு மாதத்தில் மட்டும் பராமரிப்புப் பிரிவின் தேர்ந்த ஊழியர்கள் 63 பேர் விலகியிருந்ததும் அப்போது தெரியவந்தது. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்த போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், 2008 முதல் 2013 வரை ராசா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

புது விமானத்துக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள் ஸ்பேனர் பிடிக்கும் கைக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். சிப்பாங் விமான நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கு என்ன படிப்பு, எத்தனை வருடம், செலவு எவ்வளவு என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். எஸ்பிஎம் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த இதழைத் தவறவிடாதீர்கள்.