பெட்டைக்குஞ்சுக்கு அப்பன் நிறம்

சீயமங்கலத்தில் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் ஒரே தாயின் குஞ்சுகள் கருப்பும் செவலையும் சாம்பலுமாகச் சிதறி ஓடும். "எந்தச் சேவல் மிதிச்சுதோ" என்று சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பதிலில் பாதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சண்டைக் கோழிக்கு நடுகல் நட்ட அரசலாபுரம் நமக்குப் பக்கத்து மாவட்டம்தான். இந்த மண் சேவலை ஒருநாளும் லேசாக எண்ணியதில்லை.

கோழி இறகில் நிறமி இரண்டே வகை: கருப்பு, செம்மஞ்சள். இரண்டும் எங்கே, எவ்வளவு ஊறவேண்டும் என்று மரபணுக்கள் சொல்கின்றன. வெள்ளைக்குத் தனி நிறமி கிடையாது. வெள்ளை லெகானில் ஒரு மரபணு கருப்பு நிறமியைத் தடுக்கிறது. மற்ற நிறங்களுக்கான மரபணுக்கள் உள்ளே மறைந்தே கிடக்கும். லெகானைக் கருங்கோழியோடு சேர்த்தால் பிள்ளைகள் வெள்ளையாக இருந்தும் பேரக்குஞ்சில் கருப்பு தலைகாட்டுவது இதனால்தான்.

இனி சேவல் விஷயம். ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோம் சேவலுக்கு இரண்டு. பெட்டைக்கு ஒன்றுதான்; அதையும் அப்பனிடமிருந்துதான் வாங்குகிறது. கருப்பு வெள்ளையாகக் குறுக்கு வரி போடும் மரபணு இந்த இசட்டில் இருக்கிறது. இறகு வளரும்போது நிறமிச் செல்கள் வந்து, தீர்ந்து, திரும்பவும் வருவதால் வரி விழுகிறது.

வரிப்பெட்டையை வரியில்லாத கருஞ்சேவலோடு விட்டு அடை வையுங்கள். பொரித்த அன்றே குஞ்சைக் கையில் எடுத்து உச்சந்தலையைப் பாருங்கள். கருந்தூவிக்கு நடுவே வெள்ளைப் புள்ளி இருந்தால் அது சேவல். தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கிறாள். புள்ளி இல்லாதது பெட்டை, வளர்ந்தாலும் வரி வராது.

தோல்வரை கருத்த கடக்நாத் கோழியை வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். தோலின் கருமையை அடக்கும் மரபணுவும் இசட்டில் உள்ளது. மஞ்சள்கால் சேவலுக்குக் கடக்நாத் பெட்டையைச் சேர்த்தால் குஞ்சுகளின் தோல் பெரும்பாலும் வெளுத்துப்போகும். மாற்றிச் சேர்த்துப் பாருங்கள்: கடக்நாத் சேவல், மஞ்சள்கால் பெட்டை. மகள்களின் தோல் கருக்கும். மகன்கள் வெளிறியே இருப்பார்கள். பட்டிழை போன்ற இறகுள்ள சில்கி கோழியில் இதே கணக்கை மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் 1911-லேயே எழுதிவிட்டார்கள்.

காசு குறைவாக இருந்தால் கடக்நாத் பெட்டை இரண்டு வாங்குவதைவிட நல்ல சேவல் ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் அதன் கொண்டையையும் காலையும் நாக்கையும் பாருங்கள், மூன்றும் கருத்திருக்க வேண்டும்.